காலுக்குப் பதில் ஓர் இரும்புப் பிடி: ஆறு வருட அனுபவம்

ஹார்டுவேர் கடையில் ஹோல்ட்ஃபாஸ்ட் கேட்டால், கதவு நிலையைச் சுவரோடு சேர்த்துப் பதிக்கிற இரும்புப் பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சொல்வது தச்சு மேசையில் மரத்தைப் பிடிக்கிற ஹோல்ட்ஃபாஸ்ட். தலைப்பக்கம் கொக்கி மாதிரி வளைந்த தண்டு. மேசையில் போட்ட துளைக்குள் தண்டை விட்டு, வளைவின் உச்சியில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் நுனி மரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுத்தின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, காலாலேயே மரத்தை அழுத்திக்கொண்டு உளி போடுவார்கள். எனக்கு முதுகு வலி, நின்றுதான் வேலை செய்ய முடியும். அந்தக் காலின் வேலையைச் செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. சி கிளாம்ப் மேசையின் ஓரத்தில் மட்டும்தான் உதவும், நடுமேசைக்கு எட்டாது. அதனால் கொல்லுப் பட்டறையில் 18 மி.மீ. கம்பியில் இரண்டு அடித்து வாங்கினேன். மேசைப் பலகை 3 அங்குல வாகை, துளை 20 மி.மீ.

அந்த 2 மி.மீ. இடைவெளியைப் பார்த்து முதலில் பயந்தேன், லொடலொடவென்று ஆடியது. ஆனால் பிடிப்பே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. தட்டியதும் தண்டு லேசாகச் சாய்ந்து, துளையின் மேல் விளிம்பில் ஒரு பக்கமும் கீழ் விளிம்பில் எதிர்ப்பக்கமும் கடித்து நிற்கிறது. வளைந்த கை ஸ்பிரிங் போல மரத்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. இதற்குக் கனமான பலகை வேண்டும். பழைய 18 மி.மீ. பிளைவுட் மேசையில் போட்டுப் பார்த்தேன், துளியும் நிற்கவில்லை.

இரண்டில் ஒன்று ஆரம்பத்தில் சண்டித்தனம் செய்தது. மரத்தை முதலில் தொட வேண்டியது நுனி. அதில் நுனி தூக்கிக்கொண்டு, அதற்கு உள்ளே கழுத்துப் பக்கம் இருக்கிற குதி பட்டது. தட்டத் தட்டத் தேக்கில் பிறை மாதிரி தழும்பு விழுந்ததே தவிர, பிடிக்கவில்லை. கொல்லரிடமே கொண்டுபோனேன். “கழுத்து கொஞ்சம் மலந்திருக்கு தம்பி” என்று சொல்லி, உலையில் பழுக்கவைத்து நாலே அடியில் சரி செய்துவிட்டார். அடியில் தோல் துண்டு ஒட்டிய பிறகு தழும்பும் இல்லை.

அப்புறம் ஒரு ஐப்பசியில் நான் செய்த தப்பு. மழையில் துரு பிடிக்கிறதே என்று தண்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். மறுநாள் எத்தனை தட்டினாலும் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. துணியால் அழுந்தத் துடைத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்டைச் சுற்றிக் குறுக்காகத் தேய்த்தேன். பழைய பிடி திரும்பியது. இப்போது எண்ணெய் வளைவுக்கு மட்டும்தான்.

அதிகம் பயன்படுவது உளி வேலைக்கு. இழைப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு மெல்லிய பலகையின் முனையில் ‘வி’ போல வெட்டி, அதைப் பிடியால் இறுக்கிவிட்டால், இழைக்கிற பலகையின் பின்மூலை அந்த வெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் ஒரு தடுப்புக் கட்டை போதும், இழைப்புளி எதிலும் இடிக்காது. பிரெஞ்சுத் தச்சர்கள் இந்தப் பிடியை ‘வாலே’ என்பார்கள், பணியாள் என்று பொருள். பொருத்தமான பெயர்.

குறைகளும் உண்டு. தண்டு கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் மேசைக்கு அடியில் இழுப்பறை வைக்க முடியாது. தட்டும் சத்தம் மேசைக்கால் வழியாகத் தரைக்கு இறங்கும். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்த வருடம், மதியத்தில் கிளாம்ப் மட்டும்தான்.

போன மாதம் நீளக் கையோடு மூன்றாவது ஒன்று செய்யச் சொன்னேன். இந்த முறை 3 அங்குல வாகைத் துண்டில் துளை போட்டுப் பட்டறைக்கே எடுத்துப் போனேன். இரும்பு ஆறியதும் அங்கேயே தட்டிப் பார்த்து, இன்னொரு முறை வளைக்கச் சொல்லி, பிடித்த பிறகுதான் காசு கொடுத்தேன்.