பல வருஷமா கியூஜிஐஎஸ்ல நிலம், காலநிலை, குடியிருப்பு மேப் பண்றேன்: சாஃப்ட்வேர் நல்லாதான் இருக்கு, டேட்டாவைப் பத்திதான் நிறைய சொல்லணும்

புவியியல் ஆராய்ச்சிக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு அடிக்கடி கேக்கறாங்க. நான் பல வருஷமா கியூஜிஐஎஸ்தான் யூஸ் பண்றேன். நிலம் எப்படி மேடு பள்ளமா இருக்கு, மழை எங்க எவ்ளோ, ஜனங்க எங்க குடியிருக்காங்க, இந்த மூணுக்கும் நடுவுல என்ன தொடர்புன்னு பாக்கற வேலை. சாஃப்ட்வேரைப் பத்தி சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், அதை முதல்ல சொல்லி முடிச்சிடறேன். அதுக்குள்ள நாம கொண்டு வந்து போடற இலவச டேட்டா இருக்கே, அதுலதான் வருஷக்கணக்குல பழகினா மட்டும் பிடிபடற விஷயங்க இருக்கு.

கியூஜிஐஎஸ் 2002ல கேரி ஷெர்மன் ஆரம்பிச்ச ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட், லைசென்ஸ் காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும். நாலு மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் வரும், ஆனா ஆராய்ச்சிக்கு எல்டிஆர்னு சொல்ற நீண்டகால வெர்ஷனையே போடுங்க, அதுக்கு பக் ஃபிக்ஸ் மட்டும்தான் வந்துட்டு இருக்கும், வேலை நடுவுல ஒரு டூல் வேற மாதிரி ரிசல்ட் குடுக்குமோங்கற பயம் இருக்காது. 2018ல 3.0 வந்தப்ப பைத்தான் 2ல இருந்து 3க்கு மாறிச்சு, பழைய ப்ளகின் எதுவும் திருத்தி எழுதற வரைக்கும் ஓடல, அப்ப தீசிஸ் பாதில இருந்த நிறைய பேர் 2.18லயே இருந்து வேலையை முடிச்சாங்க, அதுதான் புத்திசாலித்தனமும் கூட. கிராஸ்ங்கற இன்னொரு ஓபன் சோர்ஸ் மேப் சாஃப்ட்வேரோட டூல்ஸ்ல பெரும்பாலானதை இதுக்குள்ள இருந்தே ஓட்டலாம், நிலவடிவ வேலைக்கு அது ரொம்பப் பெரிய பலம்.

தமிழ்ல ஊர்ப்பேரு, ஃபீல்டு பேரு (டேபிளோட நெடுவரிசைத் தலைப்பு) வெக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஷேப்ஃபைல்ங்கற பழைய மேப் ஃபைல் வகையை விட்டுடுங்க. அதுல ஒரு ஃபீல்டு பேருக்கு 10 பைட்தான் இடம், யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டு முறைல ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் போகுது, அதனால உயிர்மெய்யெல்லாம் வந்தா ரெண்டு எழுத்துக்குள்ளயே பேரை வெட்டிடும். என்கோடிங் ஃபைல் கூட வரலன்னா உள்ள இருக்கற பேரெல்லாம் புரியாத குறியா மாறிடலாம். ஜியோபேக்கேஜ்ங்கற புது ஃபைல் வகைல இந்தத் தொல்லை எதுவும் இல்ல, ஒரே ஃபைல், அவ்ளோதான்.

இனி டேட்டா. உயர டேட்டால இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்த எல்லாமே ஏதோ ஒரு வகைல அது மேலதான் நிக்குது.

எஸ்ஆர்டிஎம் எல்லாருக்கும் தெரியும். 2000 பிப்ரவரில எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, 60 மீட்டர் நீளக் கம்பத்தோட முனையில ரெண்டாவது ஆன்டெனாவை வெச்சு ராடார்ல எடுத்தது, வடக்கே 60 டிகிரில இருந்து தெற்கே 56 டிகிரி வரைக்கும், உலக நிலப்பரப்புல கிட்டத்தட்ட 80 சதவீதம் இதுல வந்துடுது. 30 மீட்டர் டேட்டாவை, அதாவது ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம் இருக்கறதை, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கற இடங்களுக்கு 2014ல இருந்துதான் திறந்துவிட்டாங்க, அதுக்கு முன்னாடி 90 மீட்டர்தான். இன்னைக்கும் இது அருமையான டேட்டாதான், ஆனா இது காட்டறது தரையை இல்லைங்க, ராடார் பட்டுத் திரும்பின மேற்பரப்பை. காடு இருந்தா மரத்தோட உச்சிக்கும் தரைக்கும் நடுவுல எங்கயோ ஒரு உயரம், நெருக்கமான ஊர் இருந்தா கட்டடமும் சேர்ந்த உயரம். சரிவு மேப் போட்டுப் பாத்தா காட்டோட ஓரம் முழுக்க ஒரு செங்குத்துச் சரிவு ஓடும், நேர்ல போனா அங்க சமதரை.

கோப்பர்னிக்கஸ் டெம் (டெம்னா கட்டம் கட்டமா உயரம் இருக்கற டேட்டா) இதைவிட சுத்தமா இருக்கு, டான்டெம்-எக்ஸ் சேட்டிலைட் டேட்டால இருந்து செஞ்சது, பெரும்பாலும் 2011ல இருந்து 2015 வரைக்கும் எடுத்தது, அதுவும் மேற்பரப்புதான். இப்ப பாருங்க, 2000ல எடுத்ததையும் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு எடுத்ததையும் கழிச்சுப் பாத்து மண் அரிப்பு கணக்குப் போடலாம்னு தோணும், நிறைய பேர் அப்படி மேப் போடறாங்க, நிலம் 15 மீட்டர் இறங்கியிருக்குன்னு அதுல சிவப்பா ஒரு திட்டு வரும், அங்க நடந்தது காடு வெட்டினது மட்டும்தான், மண் அங்கயேதான் இருக்கு. ரெண்டுலயும் ராடார் அலைநீளம் வேற வேற, மரத்துக்குள்ள எவ்ளோ ஆழம் போகுங்கறதும் வேற, அதனால காடு அப்படியே இருந்தாக்கூட வித்தியாசம் வரும். மரத்தையும் கட்டடத்தையும் கணக்குப் போட்டு நீக்கின ஃபேப்டெம்னு ஒண்ணை பிரிஸ்டல் பல்கலைக்கழகக்காரங்க வெளியிட்டிருக்காங்க, வெள்ள வேலைக்கு, தாழ்வான கடற்கரை வேலைக்கு நான் இப்ப அதைத்தான் எடுக்கறேன். கடற்கரைல இது எவ்ளோ பெரிய விஷயம்னா, 2019ல வந்த ஒரு ஆய்வுல எஸ்ஆர்டிஎம்மோட இந்தப் பிழையைத் திருத்திட்டுப் பாத்தப்ப கடல்மட்ட உயர்வால பாதிக்கப்படக்கூடிய ஜனங்களோட எண்ணிக்கை ஏறக்குறைய மூணு மடங்கா வந்துச்சு. கடலோ ஜனங்களோ மாறல, தரை எங்க இருக்குங்கற கணக்கு மட்டும்தான் மாறிச்சு.

உயரம் எதுல இருந்து அளந்ததுங்கறதையும் பாத்துக்கோங்க. கடல்மட்டம் எங்க இருக்குன்னு சொல்ற மாடலா எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96ஐயும் கோப்பர்னிக்கஸ் ஈஜிஎம்2008ஐயும் எடுக்குது, பெரும்பாலான இடத்துல சின்ன வித்தியாசம்தான். ஆனா ஜிபிஎஸ் கருவி குடுக்கற கச்சா உயரம், பூமியை வழவழப்பான நீள்வட்ட உருண்டையா வெச்சு அதுல இருந்து அளந்தது, அது கடல்மட்டக் கணக்கோட நிறையவே மாறும், இந்தியாவுக்குத் தெற்கே இந்துமாக்கடல்ல இந்த வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டுது. களத்துல எடுத்த உயரத்தை நேரா டெம்மோட ஒப்பிட்டா எந்த அர்த்தமும் இருக்காது.

நிலவடிவம் பிரிக்க எனக்குப் பிடிச்சது ஜியோமார்ஃபான் முறை, யாசிவிச்சும் ஸ்டெபின்ஸ்கியும் 2013ல வெளியிட்டது. ஒரு செல்லுல (ஒரு கட்டத்துல) நின்னு எட்டுத் திசையிலயும் பாத்து, எந்தப் பக்கம் உயரம், எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் சமம்னு கணக்கெடுத்து உச்சி, முகடு, சரிவு, அடிவாரம், பள்ளத்தாக்கு, சமவெளி மாதிரி பத்து வகையா பிரிக்குது. ரொம்ப அழகான யோசனை, ஓடறதும் வேகம். ஆனா எவ்ளோ தூரம் பாக்கணும்ங்கறதை நாமதான் சொல்லணும், டீஃபால்ட் 3 செல், அதாவது 30 மீட்டர் டேட்டால வெறும் 90 மீட்டர், அந்த தூரத்துல ஒரு பெரிய மலையோட பக்கவாட்டுல இருக்கற சின்ன மடிப்புகூட தனி முகடா வந்துடும். 1 கிலோமீட்டருக்கு மேல வெச்சா அதே இடம் ஒரே சரிவு. ரெண்டுமே சரிதான், கேள்விதான் வேற. பாசனத்துக்கும் மண்ணுக்கும் சின்ன தூரம், குடியிருப்பு எந்த மாதிரி இடத்துல அமைஞ்சிருக்குன்னு பாக்க பெரிய தூரம், இப்படித்தான் எனக்கு ஒத்து வந்திருக்கு. ரெண்டு மூணு தூரம் வெச்சு ஓட்டிட்டு முடிவு மாறுதான்னு பாக்காத ஒரு நிலவடிவ மேப்பை நான் நம்பமாட்டேன்.

காலநிலைக்கு வேர்ல்ட்கிளிம். 1 கிலோமீட்டர் கட்டம், 19 உயிர்க்காலநிலை மாறிகள் (உயிரினங்களைப் பாதிக்கற வெப்ப, மழை அளவுகள்), டவுன்லோட் பண்ணின உடனே யூஸ் பண்ணலாம், அதனாலதான் எல்லாரும் எடுக்கறாங்க. ரெண்டாவது வெர்ஷன் 2017ல வந்துச்சு, 1970ல இருந்து 2000 வரைக்குமான சராசரி. இதை இன்னைக்குக் காலநிலைன்னு எழுதக்கூடாது, அதுக்கப்புறம் உலகம் எவ்ளோ சூடாயிருக்குன்னு நமக்கெல்லாம் தெரியும். இன்னொண்ணு, உலகம் முழுக்க மாறியைப் பொறுத்து 9,000ல இருந்து 60,000 வானிலை நிலையங்களை வெச்சுதான் இத்தனை கோடி கட்டத்தையும் நிரப்பியிருக்காங்க. ஸ்டேஷனே இல்லாத மலைல வர்ற வெப்பநிலை, பெரும்பாலும் உயரத்தை வெச்சுப் போட்ட கணக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ மறுபடி வருது.

இஆர்ஏ5 வேற ரகம், பழைய வானிலைப் பதிவுகளையும் வானிலை மாடலையும் சேர்த்துத் திரும்பக் கட்டின டேட்டா. ஐரோப்பிய வானிலை மையம் செஞ்சது, 1940ல இருந்து மணிக்கு மணி, காலத் தொடர் வேணும்னா இதுக்கு இணை எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா கட்டம் கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர், ஒரு மலைத்தொடரோட மழை விழற பக்கமும் மழைமறைவுப் பக்கமும் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும். லேண்ட் வெர்ஷன் 9 கிலோமீட்டர், கொஞ்சம் பரவால்ல. மழை மீட்டர்ல வரும், வெப்பம் கெல்வின்ல வரும், நேரம் யூடிசில வரும், அதனால ஒரு நாளோட மொத்த மழைன்னு கூட்டும்போது உள்ளூர் நாள் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துக் கூட்டணும். சிர்ப்ஸ் மழைக்கு மட்டும், 1981ல இருந்து, வறட்சி வேலைக்கு ரொம்ப நல்லது. மேகத்தோட உச்சி எவ்ளோ குளிர்ச்சியா இருக்குங்கறதை வெச்சு மழையைக் கணிக்குது, ஆனா கடலோர மலைல உயரம் போகாத சூடான மேகமே கொட்டித் தீர்க்கும், அந்த மாதிரி இடத்துல குறைச்சுக் காட்ட வாய்ப்பு அதிகம்.

இப்ப குடியிருப்பு. இங்கதான் நான் ரொம்ப அழுத்தமா ஒண்ணு சொல்லணும்.

உயரம், சரிவு, மழை, மக்கள்தொகை எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, ஜனங்க குறைஞ்ச சரிவுல, மிதமான மழைல, இத்தனை மீட்டர் உயரத்துல அதிகமா இருக்காங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் இந்தத் துறையோட ரொம்பப் பழைய ஆசை. மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் எடுப்பாங்க, 100 மீட்டர் கட்டம், பாக்கவே பிரமிப்பா இருக்கும். ஆனா அந்த 100 மீட்டர் எண்ணிக்கை யாரும் எண்ணினது இல்ல. மாவட்டம், வட்டம் மாதிரி பெரிய அலகுல இருக்கற சென்சஸ் எண்ணை எடுத்து, ரேண்டம் ஃபாரஸ்ட்ங்கற மெஷின் லேர்னிங் மாடல் வெச்சு உள்ள பிரிச்சுப் போட்டது. எதை வெச்சுப் பிரிக்குதுன்னா இரவு விளக்கு வெளிச்சம், ரோடு எவ்ளோ தூரம், உயரம், சரிவு, அதோட வேர்ல்ட்கிளிம் வெப்பமும் மழையும். அப்ப நீங்க சரிவோட மக்கள்தொகையை ஒப்பிட்டு ஒரு அழகான தொடர்பைக் கண்டுபிடிச்சா, அது மாடல் உள்ள போட்டதைத் திருப்பி எடுக்கறது. காலநிலையோட ஒப்பிட்டாலும் அதேதான். வேர்ல்ட்கிளிமும் உயரத்தையும் வெச்சுதான் செஞ்சது, அதனால நிலவடிவத்துக்கும் காலநிலைக்கும் இருக்கற தொடர்பும் பாதி அங்கயே முடிவாயிடுச்சு. தனித்தனியா மூணு சாட்சின்னு நாம நினைக்கறோம், மூணும் முன்னாடியே ஒண்ணோட ஒண்ணு பேசி வெச்சிருக்கு. வேர்ல்ட்பாப்காரங்க எதையும் மறைக்கல, எதெது உள்ள போச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க, படிக்காம லேயரை இழுத்துப் போடறதுலதான் பிரச்னை.

அதனால சரிவு, உயரம் சம்பந்தமான கேள்விக்கு நான் ஜிஎச்எஸ்எல் கட்டடப் பரப்பு லேயரை எடுக்கறேன், ஐரோப்பிய ஆணையத்தோட கூட்டு ஆராய்ச்சி மையம் வெளியிடறது, நேரா சேட்டிலைட் படத்துல இருந்து எடுத்தது. மக்கள் எண்ணிக்கையே வேணும்னா சென்சஸ் அலகுலயே நின்னுக்கறேன், மேப் கரடுமுரடாதான் இருக்கும், பரவால்ல. காலநிலைக்கு முடிஞ்சவரைக்கும் ஸ்டேஷன் பதிவு.

ஜிஎச்எஸ்எல்லயும் ஒரு விஷயம் கவனிக்கணும். 1975ல இருந்து 2030 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு லேயர் இருக்கும், ஆனா உண்மையா படம் பாத்து எடுத்தது 1975, 1990, 2000, 2014 லேண்ட்சாட் சேட்டிலைட்ல இருந்தும், 2018 சென்டினல்-2 சேட்டிலைட்ல இருந்தும்தான். 1985, 1995 எல்லாம் நடுவுல கணக்குப் போட்டு நிரப்பினது, 2030 முன்கணிப்பு. 1980க்கும் 1985க்கும் நடுவுல ஊர் சீரா வளர்ந்துச்சுன்னு எழுதினா, அந்த சீர் கணக்குல இருந்து வந்தது. சிதறிக் கிடக்கற சின்ன ஊருங்க, மண்ணு நிறத்துலயே கூரை இருக்கற வீடுங்க பழைய லேண்ட்சாட்ல விட்டுப்போறது சாதாரணம், அதனால 2018ல திடீர்னு கிராமம் முளைச்ச மாதிரி தெரியறதுல ஒரு பங்கு படம் தெளிவானதுதான்.

எது நகரம்ங்கற கேள்விக்கு 2020ல ஐநா புள்ளியியல் ஆணையம் ஏத்துக்கிட்ட அளவுகோல் கைல இருக்கறது நல்ல வசதி: சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்குக் குறையாத கட்டங்க ஒட்டி இருந்து மொத்தம் 50,000 பேர் சேர்ந்தா நகர மையம், 300 பேர் கணக்குல 5,000 சேர்ந்தா நகரக் கொத்து. நாட்டுக்கு நாடு வரையறை மாறற குழப்பம் இதுல இல்ல.

ஓபன்ஸ்ட்ரீட்மேப், அதாவது தன்னார்வலருங்க சேர்ந்து வரையற இலவச உலக மேப், எனக்கு மனசுக்கு நெருக்கமானது. 2010ல ஹெய்ட்டி பூகம்பம் நடந்தப்ப உலகம் முழுக்க இருந்து ஆளுங்க உக்காந்து சேட்டிலைட் படம் பாத்து ரோடு வரைஞ்சாங்க, மீட்புப் பணிக்கு அந்த மேப்தான் போச்சு. ஆனா ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது அதுல காலியா இருக்கற இடம் ஆள் இல்லாத இடம்னு அர்த்தம் இல்ல, யாரும் இன்னும் வரையலன்னு அர்த்தம். களத்துக்கு க்யூஃபீல்ட் ஆப், அதே ப்ராஜெக்ட் ஃபைலை போன்ல திறந்து நடந்துகிட்டே திருத்தலாம், திறந்த வெளில போன் ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் அளவுக்கு சரியா இருக்கும், 30 மீட்டர் டேட்டாவை சரிபாக்க அது தாராளம்.

பரப்பளவு கணக்கை மட்டும் வெப் மெர்கேட்டர்ங்கற, இணைய மேப்புல வர்ற ப்ரொஜெக்ஷன்ல (உருண்டை பூமியைத் தட்டையா விரிக்கற முறை) போடாதீங்க, 60 டிகிரி அட்சரேகைல பரப்பு நாலு மடங்கா வரும். பரப்பை மாத்தாத சமபரப்பு ப்ரொஜெக்ஷன் வெச்சுக்கோங்க.

இப்ப நான் ஒவ்வொரு லேயரோட ப்ராப்பர்ட்டீஸ்லயும் மெட்டாடேட்டா பக்கத்துல ரெண்டு வரி எழுதி வெக்கறேன்: இது அளந்ததா மாடலா, மாடல்னா உள்ள எதெது போச்சு. அதுக்குக் கீழ ரிலீஸ் பேரு. ஜிஎச்எஸ்எல்ல 2019 ரிலீஸோட 1975 லேயரும் 2023 ரிலீஸோட 1975 லேயரும் ஒண்ணு இல்ல, முறையே மாறிடுச்சு, அதனால புதுசு வந்தா 2020ஐ மட்டும் புதுசா எடுத்துப் பழசோட ஒட்டாதீங்க, மொத்தத் தொடரையும் ஒரே ரிலீஸ்ல இருந்து திரும்ப இறக்குங்க.