காற்றில் கட்டிய கலங்கள்: ஓப்பன் பிரஷுடன் ஐந்து ஆண்டுகள்

2020 கடைசியில் மெய்நிகர் வெளியில் நான் வரைந்த முதல் விண்கலம் முன்னால் நின்று பார்க்க நன்றாகவே இருந்தது. கூரான மூக்கு, இரண்டு இறக்கை, பின்னால் எரியும் நெருப்பு. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்ததும் எல்லாம் குலைந்துவிட்டது. தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்த கோடுகள் ஒரு முழம் விலகி நின்றன. வட்டமாக மூடிவிட்டேன் என்று நம்பியது சுருள்கம்பி போலத் தொங்கியது. தாளில் வரைந்து பழகிய கைக்கு ஆழம் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போது நான் பயன்படுத்தியது டில்ட் பிரஷ். 2016இல் வந்த மெய்நிகர் ஓவிய மென்பொருள். தலையில் கண்களை மூடும் ஹெட்செட், ஒரு கையில் வண்ணத்தட்டு, மறு கையில் தூரிகை, சுற்றிலும் வெறும் வெளி. நான் தொடங்கிச் சில வாரங்களிலேயே, 2021 ஜனவரியில், கூகுள் அதன் மேம்பாட்டை நிறுத்திவிட்டு மூல நிரலை அப்பாச்சி என்ற திறந்த உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதை எடுத்து ஆர்வலர்கள் வளர்த்ததுதான் ஓப்பன் பிரஷ். இலவசமாகக் கிடைக்கிறது. அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைவது, ஒரே கோட்டைப் பல திசைகளில் பிரதிபலிக்கும் கண்ணாடிகள், லுவா என்ற நிரல் மொழியில் நாமே எழுதும் சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் இதில் பிறகு சேர்ந்தவை. என் பழைய ஓவியக் கோப்புகள் இன்றும் அப்படியே திறக்கின்றன. ஐந்து ஆண்டு உழைப்பை ஒரு கருவியிடம் ஒப்படைக்கிறவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். இங்கே கை மட்டும் பழகினால் போதாது. தோள், இடுப்பு, கால் எல்லாம் பழக வேண்டும். தூரிகை எதன் மீதும் படுவதில்லை. தாளின் சொரசொரப்பு, பென்சில் அழுந்தும்போது விரலுக்கு வரும் பதில், எதுவும் கிடையாது. அதனால் நீளமான கோட்டை மணிக்கட்டால் இழுத்தால் நடுங்கும். உடம்போடு சேர்த்து, நடந்துகொண்டே இழுக்க வேண்டும். 1949இல் பிக்காசோ இருட்டறையில் சிறு விளக்கைக் காற்றில் அசைத்து வரைய, புகைப்படக்காரர் கியோன் மிலி அதைப் படமாகப் பிடித்தார். போட்ட கோடு அடுத்த நொடி காற்றில் இல்லை; படத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு ஒரே ஓர் இடத்திலிருந்து, கேமரா நின்ற இடத்திலிருந்து, சரியாக இருந்தால் போதும். நமக்கோ போட்ட கோடு கண்முன் நிற்கிறது, அதனாலேயே எல்லாப் பக்கமும் சரியாக இருந்தாக வேண்டும். மூன்று கோட்டுக்கு ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆறேழு மாதத்தில் வட்டங்கள் மூடத் தொடங்கின.

அடுத்த சிக்கல் ஒளி. இந்த மென்பொருளில் ஒளிரும் தூரிகைகள்தான் முதலில் ஆளை இழுக்கும்: நெருப்பு, மின்னல், விண்மீன், துடிக்கும் நியான். கறுப்பு வெளியில் எதை இழுத்தாலும் எதிர்காலம் போலத் தெரியும். முதல் ஓராண்டு நான் வரைந்த நகரங்கள், கோள்கள், எந்திரங்கள் எல்லாமே நீலமும் ஊதாவுமாக மின்னின. ஒருநாள் அவற்றை வரிசையாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே படமாக இருந்தது. நான் கற்பனை செய்ததைவிடத் தூரிகை கற்பனை செய்ததே அதிகம். அடுத்த மூன்று மாதம் ஒளிரும் தூரிகைகளைத் தொடவே இல்லை. ஒளியை உமிழாமல் வாங்கிக்கொள்ளும் சாதாரண வண்ணங்களை மட்டும் எடுத்தேன், வெளிச்சம் வரும் திசையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். அப்போதுதான் கலத்தின் உடலில் நிழல் விழுந்தது, பள்ளம் தெரிந்தது, எடை வந்தது. இப்போதும் ஓர் ஓவியத்தில் ஒளிரும் கோடு இரண்டு மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஒரு ஜன்னல், ஓர் எச்சரிக்கை விளக்கு, அவ்வளவு.

இதில் நான் கற்ற மிகப் பெரிய விஷயம் அளவு. இரண்டு கையாலும் வெளியையே பிடித்து இழுத்தால் ஓவியம் பெரிதாகும். சேர்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். எனவே விண்வெளி நிலையத்தைக் கைக்கடக்கமான பொம்மையாக வரைந்துவிட்டு, பிறகு அதை விரித்து உள்ளே நுழைவது சுலபம். நுழைந்தும் பார்த்தேன். பிரம்மாண்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்த கூடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி போல இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பெட்டிதான் பெரிதானது, பிரம்மாண்டம் வரவில்லை. பல வாரம் குழம்பினேன். கடைசியில் சுவரோரமாக ஓர் ஏணி வரைந்தேன், படிக்கு ஓரடி இடைவெளி விட்டு. அந்தக் கணம் சுவர் அறுபது அடி உயரத்துக்கு எழுந்து நின்றது! கழுத்தை அண்ணாந்து பார்த்தேன், உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மனிதக் கைக்கும் காலுக்கும் பழக்கமான ஏதாவது ஒன்று, ஒரு கைப்பிடி, ஒரு கதவு, இருந்தால்தான் கண் மற்றதை அளந்துகொள்கிறது. அறிவியல் புனைவுக் காட்சிகளைத் தட்டைத் திரையில் வரைகிறவர்களும் இதைச் செய்வார்கள்தான். ஆனால் அந்த ஏணியின் கீழே நிற்பது வேறு.

இந்தத் துறையின் பழைய முயற்சிகளைத் தேடிப் படித்தபோது இரண்டு என்னோடு தங்கிவிட்டன. 1968இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய தலைக்கருவி உத்தரத்திலிருந்து தொங்கியது. அது காட்டியது ஒளிக் கோடுகளால் ஆன எளிய உருவங்களை மட்டுமே, ஆனால் தலையைத் திருப்பினால் அவை இருந்த இடத்தில் நின்றன. மற்றொன்று ஓவியரான சார் டேவிஸ் 1995இல் செய்த ஆஸ்மோஸ். பார்வையாளர் மார்பில் ஓர் உணரியைக் கட்டிக்கொள்வார். மூச்சை இழுத்தால் மேலே மிதப்பார், விட்டால் கீழே இறங்குவார். கையால் சுட்டி எதையும் பிடிக்க வேண்டியதில்லை. அதைப் படித்த பிறகு வரைவதற்கு நடுவே கையைத் தாழ்த்தி மூச்சை மட்டும் கவனித்தபடி நிற்கப் பழகினேன். எங்கே கோடு அதிகம் என்பது அப்போது தெரிந்துவிடுகிறது.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஹெட்செட்டின் எடை முழுவதும் முன்பக்கம் என்பதால் நாற்பது நிமிடத்துக்கு மேல் கழுத்து தாங்காது. மிக அருகே நுணுக்க வேலை செய்தால் கண் வலிக்கும். காரணம், இரு விழிகளும் அருகிலுள்ள பொருளை நோக்கிக் குவிகின்றன, ஆனால் லென்ஸ் காட்டும் பிம்பம் எப்போதும் ஒரே தூரத்தில் நிற்கிறது. நுணுக்க வேலைக்கு ஓவியத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கை நீட்டும் தூரத்தில் வைப்பதே நல்லது. கணினியோடு இணைக்காத ஹெட்செட்டில் கோடுகள் பெருகினால் காட்சி தடுமாறும், தடுமாறினால் தலை சுற்றும். சுவரில் விரல் முட்டியை நான் இரண்டு முறை பெயர்த்திருக்கிறேன். நடமாடும் இடத்துக்கு ஹெட்செட்டில் குறிக்கும் எல்லைக்கோட்டைச் சுவரிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி வரையுங்கள்.

வெளியே எடுத்துச் செல்வதுதான் இன்னும் தீராத குறை. முப்பரிமாணக் கோப்பாக ஏற்றுமதி செய்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறக்கலாம். வடிவம் வரும். ஆனால் அசையும் தூரிகைகள் இந்த மென்பொருளுக்கென்றே எழுதப்பட்டவை என்பதால் நெருப்பு எரியாது, மின்னல் துடிக்காது. ஒளிராத வண்ணங்களுக்கு நான் மாறியதில் இந்த லாபமும் உண்டு. காணொளியாகக் காட்டினால் பார்ப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஹெட்செட்டை மாட்டிவிட்டால் பேச மாட்டார்கள், குனிந்து கலத்தின் அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு கோடு என்பது இங்கே வெறும் வடிவம் இல்லை. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இடம், தூரிகையின் சாய்வு, அழுத்தம், நேரம் எல்லாம் பதிவாகின்றன. அதனால் ஓவியத்தைத் திறக்கும்போது அது வரையப்பட்ட வரிசையிலேயே நம் கண்முன் மீண்டும் வரையப்படும். போன வாரம் 2020இன் அந்த முதல் கலத்தைத் திறந்தேன். மூக்கு வந்தது, இறக்கை வந்தது, மூடாத வட்டம் வந்தது, கடைசியில் நெருப்பு. எதையும் திருத்தவில்லை. புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, கலத்தின் பக்கவாட்டில் ஓர் ஏணி மட்டும் வரைந்து சேமித்தேன்.