ஆறு எண்ணெய்க்கும் ஒரே விலை என்றால் கை வைக்காதீர்கள்

"100% தூயது" என்ற லேபிளோடு ஆன்லைனில் வந்த எசென்ஷியல் ஆயில் (தாவரங்களிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) செட் இது: லாவெண்டர், டீ ட்ரீ (தேயிலை இல்லை, ஓர் ஆஸ்திரேலிய மரம்), பெப்பர்மின்ட், கிராம்பு, சந்தனம், மல்லிகை. ஆறுக்கும் ஒரே அளவு, ஒரே விலை. பித்தலாட்டம் அந்த விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. பெப்பர்மின்ட் ஒரே பருவத்தில் அறுவடைக்கு வரும் செடி. சந்தன மரத்தில் வைரம் ஏறப் பல வருஷம் ஆகும். இரண்டும் எப்படி ஒரே விலைக்கு வரும்?

மல்லிகை பாட்டிலில் "நீராவியில் வடித்தது" என்று போட்டிருந்தார்கள். மல்லிகைப் பூவுக்கு நீராவிச் சூடு ஒத்துவராது. கரைப்பான் மூலம் எடுக்கும் 'அப்சல்யூட்'தான் பெரும்பாலும் அசலாக விற்பனைக்கு வருகிறது. ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள் பெயர்களில் 'எசென்ஷியல் ஆயில்' விற்றால் யோசிக்கவே வேண்டாம், அது வெறும் செயற்கை வாசனை.

கிராம்பு எண்ணெயைச் சோதிப்பது சுலபம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஐந்தாறு சொட்டு விட்டுக் குச்சியால் மெல்லக் கலக்குங்கள். அசல் கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிட கனமானது, உருண்டு உருண்டு அடியில் போய் உட்காரும். இந்த பாட்டிலில் இருந்தது மேலேயே படலமாகப் பரவி நின்றது. அதாவது சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றில் கொஞ்சம் கிராம்பு வாசம்.

லாவெண்டருக்கு வெள்ளைக் காகிதம் போதும். ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காற்றாட வையுங்கள். நல்ல சரக்கு அநேகமாகத் தடமே இல்லாமல் ஆவியாகிவிடும். இதில் மறுநாளும் வெளிச்சம் ஊடுருவும் எண்ணெய் வளையம் அப்படியே இருந்தது. ஆனால் இதே சோதனையை வைத்துச் சந்தனம், வெட்டிவேர், பச்சோலியைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. அவை கனமானவை, அசலே பல நாள் காகிதத்தில் தங்கும்.

காகிதத்தில் தேறிவிட்டால் சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். லாவெண்டரில் முக்கியமானவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு வாசனை வேதிப்பொருட்கள். இரண்டையும் ஆலையில் தயாரிக்கலாம். அவற்றைக் கலந்தால் காகிதத்தில் ஒன்றும் தெரியாது. லாவெண்டரின் கலப்பினமான லாவண்டினிலிருந்து எடுத்த மலிவான எண்ணெயைக் கலந்தால் வாசத்தில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், பழகிய மூக்குக்கு அது பிடிபடும். மற்றபடி, எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கைதான் வழி. கேட்டபோது இந்த விற்பனையாளரும் ஒன்று அனுப்பினார். அதில் பேட்ச் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. அறிக்கையில் உள்ள பேட்ச் எண் பாட்டிலில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அது வெறும் காகிதம். டீ ட்ரீ என்றால் அதன் முக்கிய வேதிப்பொருளான டெர்பினென்-4-ஆல் அளவைப் பாருங்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730 படி குறைந்தது 35% இருக்க வேண்டும். 'தெரபியூடிக் கிரேடு' (மருத்துவத் தரம்) என்பதற்கு அப்படி எந்தத் தர நிர்ணயமும் கிடையாது, விற்பவர்களே சூட்டிய பட்டம் அது.

டீ ட்ரீ பாட்டிலில் ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர். எண்ணெயின் ஆவி பட்டு ரப்பர் ஊதி, பிசுபிசுத்துப்போயிருந்தது. கருநிறக் கண்ணாடி பாட்டில், வாயில் சொட்டுச் சொட்டாக விழவைக்கும் அடைப்பு, இறுக்கமான மூடி, இதுதான் சரியான அமைப்பு. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீ, எலுமிச்சை வகை எண்ணெய்கள் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். எண்ணெய் அசலாகவே இருந்தாலும் இதுதான் கதி.

போலியால் காசு போவதோடு முடிவதில்லை. நீர்த்த எண்ணெயை நாற்பது சொட்டு ஊற்றிப் பழகியவர், அதே கையோடு அசலை ஊற்றினால் தோல் வெந்துவிடும். 20 சொட்டு ஏறத்தாழ 1 மி.லி. உடம்பில் தடவ 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு (2%), முகத்துக்கு 6, கிராம்பு என்றால் 3 சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலைச் செக்கில் பிழிவதுபோல் அழுத்தி எடுத்த எண்ணெயைத் தடவினால் 12 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. டிஃப்யூசருக்கு (எண்ணெய் விட்ட தண்ணீரைப் புகைபோல் பரப்பும் கருவி) 100 மி.லி. தண்ணீரில் 3 முதல் 5 சொட்டு, அரை மணி நேரம் போதும். சமையல் எண்ணெய் கலந்த சரக்கு டிஃப்யூசரின் தகட்டில் படிந்து புகையையே நிறுத்திவிடும். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸும் பெப்பர்மின்ட்டும் ஆகாது.

செட்டோடு வந்த துண்டுச்சீட்டில் "வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம்" என்றிருந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். அசலையே அப்படிக் குடிக்கக் கூடாது. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாததை எப்படிக் குடிப்பது? யூகலிப்டஸ் எண்ணெய் சில மி.லி. உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "சீல் உடைத்தாகிவிட்டது" என்று ஒரே பதில். திறக்காமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு மௌனம். அதனால் புதிய விற்பனையாளரிடம் செட்டாக வாங்காமல் 5 மி.லி. பாட்டில் ஒன்று மட்டும் வாங்குங்கள், கிராம்பாகவே இருக்கட்டும். தாவரவியல் பெயர், தாவரத்தின் எந்தப் பகுதி, எடுத்த முறை, பேட்ச் எண் எல்லாம் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, சீலோடு படம் எடுத்துவைத்துவிட்டுத் திறந்து, அன்றைக்கே தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.