இன்ஹேலரா, கஷாயமா, முதுகுப் பற்றா?

சீனாவில் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் என்று 2018இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அங்கே காலையில் இன்ஹேலரை இழுத்துவிட்டு இரவில் சீன மூலிகைக் கஷாயமும் குடிப்பது புதுமையான பழக்கமல்ல. ஆகவே எது உயர்ந்தது என்று மொத்தமாகக் கேட்பதை விட்டு, எந்தத் தொல்லைக்கு எது என்று பார்க்கலாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்றால் போட்டியே இல்லை. இன்ஹேலரில் வரும் டையோட்ரோப்பியம் என்ற மருந்து மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். ஒருமுறை இழுத்தால் ஒரு நாள் தாங்கும். மூலிகைகளில் அந்த வேலையைக் கண்கூடாகச் செய்வது மாஹுவாங். மூச்சுக்குழாயை விரிக்கும் எஃபெட்ரின் என்ற மருந்து கிடைத்ததே அதிலிருந்துதான். ஆனால் அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே ஏற்றும். நெடுங்காலம் புகைத்து இதயமும் களைத்துப்போன எழுபது வயதுக்காரருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

குளிர்காலம் வந்தாலே சளி முற்றி ஆஸ்பத்திரியில் படுப்பவர் கதை வேறு. இங்கே மூலிகைக்கும் பேச இடமிருக்கிறது. யூபிங்ஃபெங் என்ற மருந்தில் மூன்றே சரக்கு: ஹுவாங்சி, பாய்ஷு, ஃபாங்ஃபெங். உடம்புக்கும் ஊதற்காற்றுக்கும் நடுவே பச்சை மணிக்கல்லால் ஒரு தட்டி வைப்பதாகப் பெயருக்குப் பொருள். 2018இல் வெளியான ஆய்வில் 240 பேருக்கு இந்த மருந்தின் துகளையோ, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலித் துகளையோ ஓராண்டு கொடுத்தார்கள். துகள் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றுவது குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் 2008இல் முடிவு வெளியான டையோட்ரோப்பியத்தின் நான்காண்டு ஆய்வில் இருந்தவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். அதிலும் நோய் முற்றுவது குறைந்ததே தவிர, நுரையீரலின் திறன் தேயும் வேகம் குறையவில்லை.

துகளா, சட்டியில் காய்ச்சும் கஷாயமா? சரக்கை அரைமணி நேரம் ஊறவைத்து, இருமுறை கொதிக்கவைத்து வடித்து, இரண்டையும் கலந்து குடிக்க வேண்டும். நாடி பார்த்துச் சரக்கைக் கூட்டிக் குறைக்கும் வைத்தியருக்கு அதுதான் பிடிக்கும். எனக்குத் துகளே மேல், அளவு மாறாது.

எந்த வடிவமானாலும் அதிமதுரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சீனத்தில் கான்சாவ் என்பார்கள்; பெரும்பாலான மருந்துக் கலவைகளில் இது உண்டு. தினமும் நிறையச் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். மூச்சு முட்டும்போது இழுக்கும் இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமாலும் அதையேதான் செய்யும். இருமலுக்கு வழங்கிவந்த மாதோலிங் காயை விலக்கியே விடலாம். நம் ஆடுதீண்டாப்பாளையின் இனம் அது. அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும்.

பார்க்கச் சுவாரசியமானது கோடைப் பற்று. குளிர்கால நோய்க்குக் கோடையில் வைத்தியம் என்ற கணக்கு. அங்கத்திய கத்தரி வெயிலான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், குறித்த மூன்று நாட்களில் வரிசை கட்டி நின்று முதுகைக் காட்டுவார்கள். வெண்கடுகையும் வேறு சில சரக்குகளையும் இஞ்சிச் சாற்றில் குழைத்து, காசளவு உருண்டையாக்கித் தண்டுவடத்தின் இருபுறமும் ஒட்டுவார்கள். சில மணி நேரம் எரியும், சிவக்கும், சிலருக்குக் கொப்புளிக்கும். கொப்புளித்தால் மருந்து பிடித்துவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு! என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

முதலிடத்துக்கு அருகில் நான் வைப்பது மருந்தே அல்லாத தை ச்சி, அதாவது மெதுவான அசைவுகளாலான சீன உடற்பயிற்சி. குவாங்டொங் மாகாணத்தில் 120 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் மறு பாதிக்குத் தை ச்சியும் 12 வாரம் கொடுத்தார்கள். முடிவில் இரண்டும் சமம். பயிற்சி முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்துப் பார்த்தபோது தை ச்சிக்காரர்கள் முந்தியிருந்தார்கள். இரு பாதியினருமே அப்போது மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்டகாடெரால் இன்ஹேலரையும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.