10,000 அடி கேட்கிற ஸ்மார்ட் பேண்ட்: ஓய்வுபெற்ற ரீச்சரின் மதிப்பீடு

"ஞாபக மறதிக்கு விடை" என்று விளம்பரம் போட்டிருந்தாங்களாம். அதை நம்பித்தான் மகள் கையில் கட்டுற இந்த ஸ்மார்ட் பேண்டை வாங்கி அனுப்பினவள். எனக்கு வயது 68. மறதி இன்னும் மூக்குக்கண்ணாடி தேடுற அளவோடதான் நிற்குது. ஆனால் கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு என்னையே மட்டுக்கட்டத் தெரியாமல் போனதை மகளும் பார்த்தவள். அவளின் பயம் அது.

சும்மா சொல்லக்கூடாது, சார்ஜ் ஒரு கிழமைக்கு மேல் நிற்குது. எழுத்தும் பெரிசு. வாட்ஸ்அப்பில் தமிழில் ஏதும் வந்தால்தான் பெட்டி பெட்டியாகக் காட்டும்.

எத்தனை அடி எடுத்து வைத்தேன் என்று அது எண்ணுறதுதான் பகிடி. சம்பலுக்குத் தேங்காய் துருவி முடிய, இருந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கில் அடி ஏறியிருக்கும். பேரனை வண்டிலில் வைத்து திருகோணமலை டச்சு பே கடற்கரையோரம் தள்ளிக்கொண்டு போனாலோ, நான் நடக்கவே இல்லையாம்! கை ஆடினால்தான் அதுக்கு நடை.

அது கேட்கிற 10,000 அடியும் எந்த டொக்டரும் எழுதித் தந்ததில்லை. 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரில் இருந்து வந்த எண் அது. பிரித்தானியாவில் 78,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. நாளுக்கு 3,800 அடி நடந்தவர்களிடமே டிமென்சியா என்ற மறதி நோய் கால்வாசி குறைவு, 9,800 அளவில் பாதி குறைவு. ஆனாலும் நடையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல ஏலாது. நோய் வரப்போகிறவர்கள் முதலே நடையைக் குறைத்திருக்கவும் கூடும்.

எனக்குப் பிடித்தது 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு. 55 முதல் 80 வயது வரை 120 பேர். பாதிப் பேர் கிழமைக்கு 3 நாள், 40 நிமிடம் நடந்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி 2% பெருத்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4% சுருங்கியது. எல்லா ஆய்வும் இப்படி வாய்க்கவில்லை. 2022இல் 585 பேரை வைத்துச் செய்ததில் உடற்பயிற்சியால் ஞாபகசக்தி கூடினதாகத் தெரியவில்லை. அதனால் "விடை" என்ற விளம்பரம் சுத்தப் புளுகு. நான் அடி இலக்கை நிப்பாட்டிவிட்டு 40 நிமிட டைமர் வைத்திருக்கிறேன். அது அதிர்கிறது நல்லா உறைக்குது.

இதயத் துடிப்புக் காட்டுறதையும் அப்படியே நம்பாதையுங்கோ. பட்டி தளர்ந்தாலோ வியர்த்தாலோ எண் பாயும். பிரஷருக்கு அட்டெனலோல் போடுகிற ஆட்களுக்குத் துடிப்பு இயல்பாகவே ஏறாது. பேண்டோ "இன்னும் வேகமாக" என்று விரட்டும். கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வேறு அளவு வைத்திருக்கிறோம். ஊர்க்கதை கதைக்க ஏலும், தேவாரம் பாட ஏலாது என்றால் வேகம் சரி. முழுப் பதிகமும் வருதென்றால் அக்கா என்னை இழுத்துக்கொண்டு நடப்பா. மான் வழிமறித்தால் மட்டும் நிற்போம்.

சமநிலையைப் பற்றி இந்தப் பேண்டுக்கு ஒரு அறிவும் இல்லை. 65 தாண்டினவர்களுக்குக் கிழமையில் 3 நாளாவது சமநிலையும் தசைப்பலமும் தரும் பயிற்சி வேணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குசினித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். பேண்டில் அது பூச்சியம்.

கதிரையை விட்டு எழும்பாத மனுசனுக்கு வாங்கிக் கொடுங்கோ, அது அதிர அதிர எழும்புவார். விடிய எழும்பி நடக்கிற ஆளுக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு அடி வழுக்காத நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கலாம். மாரியில் கோயில் ஏற்றம் சரியாக வழுக்கும்.