பால்டிமோர் பி அண்ட் ஓ ரயில்வே அருங்காட்சியகம்: மூன்று கேள்விகளோடு போய்ப் பாருங்கள்

அமெரிக்காவின் ஆரம்பகால நீராவி எஞ்சின்களை ஒரே இடத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிறுத்திப் பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் போக வேண்டியது மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகருக்குத்தான். மேற்கு பிராட் தெருவில், மவுண்ட் கிளேர் என்ற பழைய பட்டறை வளாகத்தில் பி அண்ட் ஓ ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பால்டிமோர் அண்ட் ஓஹையோ, சுருக்கமாக பி அண்ட் ஓ, என்ற ரயில் கம்பெனி இங்கிருந்துதான் தடம் போடத் தொடங்கியது. 1828 ஜூலை 4 அன்று சார்லஸ் கேரல் முதல் கல்லை நட்டார். 1830 மே மாதம் இங்கிருந்து 13 மைல் தள்ளியிருந்த எலிகாட்ஸ் மில்ஸ் வரை பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது அதை இழுத்தவை குதிரைகள்.

எஞ்சின்கள் நிற்கும் 22 பக்க வட்டக் கட்டடம் 1884-ல் கட்டியது. பயணிகள் பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கட்டினார்கள். நடுவில் சுழல்மேடை, அதிலிருந்து விசிறிபோல் பிரியும் தடங்கள், மேலே உச்சி ஜன்னல்கள் வழியாக இறங்கும் வெளிச்சம். கட்டடமே ஒரு முறை அண்ணாந்து பார்க்கத்தக்கது. 2003 பிப்ரவரியில் பனியின் பாரம் தாங்காமல் கூரையின் ஒரு பகுதி எஞ்சின்கள் மேல் சரிந்தது. சீரமைத்து 2004 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். நொறுங்கியவற்றில் ஒன்றான 'தாட்சர் பெர்கின்ஸ்' (1863) பிறகு பல ஆண்டு வேலைக்குப் பின் மீண்டும் முழு உருவம் பெற்றது. அதன் முன் நிற்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களில் பலர் நேராக 'அலெகேனி' என்ற ராட்சத எஞ்சினிடம் போய்விடுகிறார்கள். 1941-ல் லைமா தொழிற்சாலை கட்டிய 2-6-6-6 அது (முன்னால் 2 சிறு சக்கரம், நடுவில் ஆறு ஆறாக இயக்கு சக்கரங்கள், பின்னால் 6 சிறு சக்கரம்), பார்க்க வேண்டியதுதான். ஆனால் கடைசியில் பாருங்கள். அதை முதலில் பார்த்துவிட்டால் 1830களின் எஞ்சின்கள் கண்ணுக்குப் பொம்மை போலத் தெரியும். இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான செல்வம் அந்தச் சின்ன எஞ்சின்கள்தான்.

அவற்றைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். நெருப்புக்குக் காற்று எப்படிப் போனது? கொதிகலனுக்குத் தண்ணீர் எப்படி ஏறியது? வளைவில் சக்கரம் எப்படித் தடத்தை விடாமல் போனது? ஒவ்வொரு எஞ்சின் முன்னும் இதே மூன்றையும் கேட்டுக்கொண்டு நடந்தால், அறிவிப்புப் பலகையில் இல்லாத கதை இரும்பிலேயே தெரியும்.

'டாம் தம்ப்' எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். இங்கே நிற்பது நகல். பி அண்ட் ஓ-வின் நூற்றாண்டு விழாவான 1927 கண்காட்சிக்காகச் செய்தது. பீட்டர் கூப்பர் 1830-ல் தானே கட்டி ஓட்டிய அசல் எஞ்சின் மிஞ்சவில்லை, முறையான வரைபடமும் இல்லை. அதனால் நகல் அசலைவிடப் பெரிதாகவும் கனமாகவும் அமைந்துவிட்டது. அசல் ஏறத்தாழ ஒரு டன்தான். கொதிகலன் நெட்டுக்குத்தாக நிற்கும். அதற்குள் போகும் குழாய்களுக்குத் தகுந்த இரும்புக் குழாய் கிடைக்காததால் கூப்பர் துப்பாக்கிக் குழல்களைப் பயன்படுத்தினார்.

இதில் கண் வைக்க வேண்டியது காற்று ஊதும் விசிறி. எரித்தது ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி. விறகுபோல் தானாகக் கொழுந்துவிடாது, அடியிலிருந்து பலமாகக் காற்று ஊதியே ஆக வேண்டும். கூப்பர் அந்த விசிறியை வாரால் சுழல வைத்தார். குதிரையோடு நடந்ததாகச் சொல்லப்படும் பந்தயத்தில் எஞ்சின் முந்திப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வார் நழுவியது. விசிறி நின்றது, நெருப்பு தணிந்தது, நீராவி அழுத்தம் விழுந்தது, குதிரை முந்தியது. தோற்றது நீராவி அல்ல, காற்று ஊதும் ஏற்பாடு. நகலின் பக்கவாட்டில் நின்று வாரும் விசிறியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு வாரை நம்பி முழு எஞ்சினும் இருந்தது என்பது அப்போது நன்றாக விளங்கும்.

அடுத்து வெட்டுக்கிளிகள். இந்த அருங்காட்சியகத்தில் மிக அதிக நேரம் கொடுக்க வேண்டியது இவற்றுக்குத்தான், ஏனென்றால் இவை நகல் அல்ல. 1831-ல் பி அண்ட் ஓ ஒரு போட்டி அறிவித்தது: எடை மூன்றரை டன்னைத் தாண்டக் கூடாது, 15 டன் சுமையை மணிக்கு 15 மைல் வேகத்தில் இழுக்க வேண்டும், முதல் பரிசு 4,000 டாலர். அதை வென்றவர் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஃபினியாஸ் டேவிஸ். அவருடைய வடிவமைப்பிலிருந்து வளர்ந்தவைதான் 'வெட்டுக்கிளி' எஞ்சின்கள். நெட்டுக்குத்துக் கொதிகலன், அதன் தலைக்கு மேலே ஆடும் நீளமான நெம்புகோல்கள், கீழே இறங்கும் மெல்லிய தண்டுகள். ஓடும்போது வெட்டுக்கிளியின் பின்னங்கால் மடங்கி நீள்வதுபோல் இருக்குமாம். நிற்கும்போதே அந்தச் சாயல் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. 'அட்லாண்டிக்' என்ற பெயரோடு நிற்பது டேவிஸ் 1832-ல் கட்டிய அட்லாண்டிக் அல்ல. 1836-ல் கட்டிய 'ஆண்ட்ரூ ஜாக்சன்' என்ற எஞ்சினை, 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக அட்லாண்டிக்போல மாற்றி அமைத்தார்கள். எனவே அதன் பழமை உண்மை, பெயர் கடன். அதே 1836-ல் கட்டிய 'ஜான் ஹான்காக்' தன் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி. இந்த எஞ்சின்கள் பட்டறை வளாகத்துக்குள் பெட்டிகளைத் தள்ளும் வேலையை 1890களின் தொடக்கம் வரை செய்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த எஞ்சினில் எல்லா உறுப்பும் முதல் நாளில் பூட்டியதாகவே இருக்காது; குழாய்கள், தாங்கிகள், நெருப்பைத் தாங்கும் கம்பித் தட்டு எல்லாம் தேய்ந்து மாற்றப்படுபவை. இதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வெட்டுக்கிளியில் காற்றுப் பிரச்சினைக்கு வேறு தீர்வு: சிலிண்டரில் வேலை முடித்து வெளியேறும் நீராவியைக் கொண்டே விசிறியைச் சுழல வைத்தார்கள். வார் நழுவும் கவலை போயிற்று. சக்கரத்தை நோக்கிக் கீழே பார்த்தால் பல்சக்கரங்கள் தெரியும். நெம்புகோல் மெதுவாக ஆடினாலும் சக்கரம் வேகமாகச் சுழல அவை உதவின. வளைவுக் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. படாப்ஸ்கோ ஆற்றை ஒட்டிப் போன முதல் பாதையில் வளைவுகள் மிகக் குறுகலானவை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால்தான் அங்கே திரும்ப முடியும். எஞ்சின் குட்டையாக, உயரமாக இருப்பதன் காரணம் இதுதான்.

நெட்டுக்குத்துக் கொதிகலனுக்கு ஒரு நோய் உண்டு. குழாய்களின் மேல் முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நீராவிப் பகுதியில் இருக்கும். தண்ணீர் தொடாத இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறும், குழாயும் தகடும் சேரும் இடம் தளர்ந்து கசியும். பெரிய எஞ்சின் வேண்டுமென்றால் கொதிகலனைப் படுக்க வைப்பதுதான் வழி.

அந்தத் திருப்பத்தைக் காட்டுவது 'லஃபாயெட்'. இதுவும் 1927 நகல்தான். அசலை 1837-ல் பிலடெல்பியாவின் வில்லியம் நாரிஸ் கட்டினார். பி அண்ட் ஓ வாங்கிய முதல் படுக்கைக் கொதிகலன் எஞ்சின் அது. இங்கே கவனிக்க வேண்டியது இயக்கு சக்கரத்தின், அதாவது நீராவியால் சுழலும் பெரிய சக்கரத்தின் இடம். நெருப்புப் பெட்டிக்கு முன்னால் அது இருப்பதால் எஞ்சினின் எடையில் பெரும் பங்கு அதன் மேல் இறங்குகிறது. எடை இருந்தால்தான் பிடிமானம். பிடிமானம் இல்லையென்றால் எத்தனை நீராவி இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள் கொண்ட போகி (தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) வளைவில் வழி காட்டுகிறது. ஜான் ஜெர்விஸ் 1832-ல் கொண்டுவந்த அந்தப் போகிதான் அமெரிக்க எஞ்சினை இங்கிலாந்து எஞ்சினிலிருந்து பிரித்த பெரிய மாற்றம்.

பிறகு 'வில்லியம் மேசன்', 25ஆம் எண். மாசசூசெட்ஸின் டான்டன் நகரில் 1856-ல் கட்டியது. அழகைப் பற்றி மட்டும் கேட்டால் இந்தக் கட்டடத்தில் இதற்குத்தான் என் ஓட்டு. மேசன் நெசவு எந்திரங்கள் செய்து பழகியவர். அந்தக் கையின் நேர்த்தி தெரிகிறது. சிலிண்டர்கள் சாயாமல் கிடைமட்டமாக, முன் போகியின் சக்கரங்களுக்கு நடுவில், ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. 1990களிலும் நீராவியில் ஓடிய எஞ்சின் இது.

இதன் பக்கவாட்டில் குனிந்து, இரண்டு பெரிய இயக்கு சக்கரங்களுக்கு இடையே பாருங்கள். சிறிய டார்ச் ஒன்று கையில் இருந்தால் நல்லது, கீழே வெளிச்சம் போதாது. இந்த வகை எஞ்சினில் இரண்டு சக்கரங்களின் வில்களையும் இணைத்து, நடுவில் அச்சு கொண்ட ஒரு இரும்புப் பட்டை தராசுக் கோல்போல் இருக்கும். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பட்டையின் மறுமுனை பின் சக்கரத்தை அழுத்தும். பிலடெல்பியாவின் ஜோசப் ஹாரிசன் 1830களின் இறுதியில் கொண்டுவந்த ஏற்பாடு இது. வலப் பக்கம் ஒரு பட்டை, இடப் பக்கம் ஒரு பட்டை, முன்னால் போகியின் நடு அச்சு: ஆக மொத்தம் எஞ்சின் மூன்று புள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறது. முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பதுபோல, அவசரமாகப் போட்ட அமெரிக்கத் தடங்களின் கோணல்களைத் தாங்கியது இந்த மூன்று புள்ளி. இந்த 4-4-0 வகை (முன்னால் நான்கு சிறு சக்கரம், பிறகு நான்கு இயக்கு சக்கரம்) நாடு முழுவதும் பரவியதற்குப் பெரிய காரணம் இதுவே.

காற்றுக் கேள்வியும் இதில் முடிவுக்கு வருகிறது. விசிறி இல்லை. வெளியேறும் நீராவி நேராகப் புகைபோக்கிக்குள் பீறிட்டு, நெருப்பின் வழியாகக் காற்றை இழுக்கிறது. எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க இழுப்பும் தானாகக் கூடும்.

தண்ணீர்க் கேள்வி இன்னும் சுவையானது. பிஸ்டன் தண்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும் பம்ப்தான் அந்தக் காலத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றியது. எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும். நிலையத்தில் நெடுநேரம் நின்றுவிட்டால் தண்ணீர் மட்டம் இறங்கும். எஞ்சினைப் பெட்டிகளிலிருந்து கழற்றி, தடத்தில் சும்மா முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்ற வேண்டும். மட்டம் நெருப்புப் பெட்டியின் மேல் தகட்டுக்குக் கீழே போய்விட்டால் அந்தத் தகடு பழுத்து மெத்தென்றாகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். கொதிகலன் வெடிப்புகளில் பல இப்படி நேர்ந்தவை. பின்பக்கம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும் சிறு குழாய்த் திருகுகளைத் தேடுங்கள். திறந்தால் தண்ணீர் வருகிறதா, நீராவி வருகிறதா என்று பார்த்தே மட்டத்தைக் கண்டார்கள். நீராவியின் வேகத்தாலேயே தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் ஜிஃபார்டின் இன்ஜெக்டர் என்ற கருவி 1860 முதல் அமெரிக்காவுக்கு வந்தபின் நின்ற இடத்திலேயே தண்ணீர் ஏற்ற முடிந்தது. பழைய எஞ்சின்களில் பின்னாளில் அதைப் பொருத்தியதும் உண்டு; எது முதல் உறுப்பு, எது பிற்சேர்க்கை என்று கண்டுபிடிப்பதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

'மெம்னான்' (1848) சரக்குக்கானது: எட்டுச் சக்கரமும் இயக்கு சக்கரம், முன் போகி கிடையாது. முழு எடையும் இழுப்புக்கே. வேகம் முக்கியமில்லாத நிலக்கரி வண்டிக்கு அது போதும். கொதிகலன் மேலேயே டிரைவர் அறை இருக்கும் 'ஒட்டகம்' வகையில் 1873-ன் 217ஆம் எண்ணைப் பாருங்கள். டிரைவர் மேலே, ஃபயர்மேன் பின்னால். இருவரும் பேசிக்கொள்வதே கடினம்.

நடைமுறைக்குச் சில. முழுதாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். எஞ்சின்கள் இடம் மாறும், பழுதுபார்க்கப் போகும். குறிப்பிட்ட ஒன்றுக்காகவே தொலைவிலிருந்து வருபவர்கள் அது காட்சியில் இருக்கிறதா என்று முன்பே விசாரிப்பது நல்லது. பி அண்ட் ஓ-வின் முதல் மைல் தடத்தில் ஒரு குறும்பயண ரயில் உண்டு, எல்லா நாளும் ஓடாது. இழுப்பது பெரும்பாலும் டீசல்தான். எஞ்சின்கள் குளிர்ந்து நிற்கின்றன என்பதே இங்குள்ள பெரிய குறை. 4-4-0 வகை நெருப்போடு நகர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் யூட்டா மாநிலத்தின் புரமான்டரி உச்சிக்குப் போக வேண்டும்: 1869 மே 10 அன்று கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இரு தடங்களும் சேர்ந்த இடத்தில், விறகு எரிக்கும் 'ஜூபிடர்', கரி எரிக்கும் 119 ஆகியவற்றின் 1979 நகல்கள் கோடைப் பருவத்தில் ஓடுகின்றன.

வார நாளில் வந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்திலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவிலுள்ள கேம்டன் நிலையத்தில் மார்க் (MARC) என்ற புறநகர் ரயில் ஏறினால் வாஷிங்டன் போகலாம். இந்தத் தடத்தில் சனி, ஞாயிறு சேவை கிடையாது. செயின்ட் டெனிஸ் நிறுத்தம் தாண்டியதும் வண்டி ஒரு வளைந்த கல் பாலத்தில் ஏறும். எட்டு வளைவுகள் கொண்ட தாமஸ் பாலம், 1835-ல் கட்டி முடித்தது. வெட்டுக்கிளிகளின் எடைக்குக் கட்டிய பாலம், இன்றைய ரயிலையும் தாங்குகிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கட்டணம் இல்லாமல் 'ஜான் புல்' எஞ்சினைப் பார்க்கலாம். 1831-ல் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்ததை ஐசக் டிரிப்ஸ் வரைபடம் இல்லாமலே பூட்டினார். 1981 செப்டம்பர் 15 அன்று 150 வயதில் அது தன் சொந்த நீராவியில் ஓடியது. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு சக்கரங்களைப் பாருங்கள். அவை இங்கிலாந்திலிருந்து வந்தவை அல்ல, அமெரிக்க வளைவுகளுக்காக இங்கே சேர்த்தவை.