ஹைபர்நேட்: தோல் லாட் கணக்குக்கு ஓட்டிப் பார்த்ததில்

ராணிப்பேட்டை தோல் ஷெட் ஒன்றுக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதப்போகிற ஆம்பூர் நண்பர், "ஹைபர்நேட்டை நம்பிப் போடலாமா?" என்று கேட்டார். ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிளில் சேமித்து, திரும்ப எடுத்துத் தரும் லைப்ரரி அது. எண்டிட்டி (டேபிளோடு பொருந்தும் ஜாவா கிளாஸ்) எழுதுவதெல்லாம் அவருக்கே தெரியும். நாள்பட ஓட்டினால் எங்கே கடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்ஹெரிட்டன்ஸில், அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வருவிப்பதில், கடிக்கும். தோலுக்கு வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்), கிரஸ்ட் (மறுபடி பதனிட்டுக் காய்ந்தது), ஃபினிஷ்டு (வேலை முடிந்தது) என்று மூன்று நிலை இருப்பதைப் பார்த்ததும், 'லாட்' (ஒன்றாகப் போகும் தோல் தொகுதி) கிளாஸுக்குக் கீழே மூன்று சப்கிளாஸ் போடத்தான் கை போகும். எல்லா சப்கிளாஸையும் ஒரே டேபிளில் வைக்கும் சிங்கிள் டேபிள் முறையில் டிடைப் என்றொரு ஃபீல்டு தானாக வந்து, எந்த வரி எந்த கிளாஸ் என்று குறித்துக்கொள்ளும். வெட் ப்ளூ லாட் பதனிடும் டிரம்முக்குப் போய் கிரஸ்ட்டாக வரும் அன்றுதான் வினை. ஜாவா ஆப்ஜெக்ட் கிளாஸ் மாறாது. டிடைப்பை மாற்ற ஹைபர்நேட்டும் வழி தராது. நேட்டிவ் எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸுக்கு நேரடிக் கட்டளை) அப்டேட் அடித்து, ஹைபர்நேட் ஆப்ஜெக்டுகளை நினைவில் வைத்திருக்கும் பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டைக் கிளியர் செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய வெட் ப்ளூ ஆப்ஜெக்டையே திருப்பித் தரும். அழித்துப் புதிதாகப் போட்டாலோ ஐடி மாறி, சலானும் இன்வாய்ஸும் ஃபாரின் கீயில் (அந்த ஐடியைச் சுட்டும் இணைப்பு) சண்டைக்கு வரும். மாறுகிற நிலையைக் கிளாஸாக்கியது டிசைன் கோளாறு, ஹைபர்நேட்டைத் திட்டுவது நியாயமில்லை. ஆனாலும் எரியத்தான் செய்கிறது.

லாட் ஒரே கிளாஸாக இருக்கட்டும். நிலைக்குத் தனி டேபிள்: லாட் ஐடி, நிலை, தேதி, பீஸ், சதுர அடி. காய்ந்து, டாகிளில் (தோலை இழுத்துக் கவ்வும் கிளிப்) இழுத்த பின் அளவு மாறும். அதனால் சதுர அடி லாட்டில் இருக்கவே கூடாது. சதுர அடிக்கு டைப் துல்லியமான பிக்டெசிமல், தசமத்தில் பிசகும் டபுள் வேண்டாம். நிலைக்கு எனம் (நிலைப் பெயர்களின் நிலையான பட்டியல்) போட்டால், பெயரையே சேமிக்க ஸ்ட்ரிங் என்று சொல்லிவிடுங்கள். சும்மா விட்டால் 0, 1, 2 என்றுதான் சேமிக்கும். நடுவில் 'ஷேவிங்' (தோலைச் சீவும் நிலை) சேர்த்த அன்று பழைய கிரஸ்ட்டெல்லாம் ஷேவிங் ஆகிவிடும்.

பல லாட்டுக்கு ஒரு சப்ளையர் என்ற மெனி-டு-ஒன் இணைப்பில் எதுவும் சொல்லாவிட்டால் ஈகர், அதாவது இணைந்ததையும் உடனே எடுத்துவிடும். லாட் பட்டியல் எடுத்தால் ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு குவெரி ஓடும். லேஸி (தேவைப்படும்போது மட்டும் எடு) என்று எழுதி, வேண்டிய இடத்தில் இரண்டையும் ஒரே குவெரியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள்.

மெச்ச வேண்டியது வெர்ஷன் அனோட்டேஷன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரியின் எண்ணை ஏற்றும் குறிப்பு. ஒரே ஒரு இன்ட் ஃபீல்டு. குடோன்காரரும் ஆபீஸ்காரரும் ஒரே வரியைத் திறந்து பீஸ் குறைத்தால், பின்னால் சேவ் செய்பவருக்கு ஆப்டிமிஸ்டிக் லாக் எக்ஸப்ஷன் (வேறொருவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார் என்ற பிழை) வரும். வெர்ஷன் எண்ணை ஸ்கிரீன் வரை அனுப்பித் திருப்பி வாங்கினால்தான் இது பலிக்கும். நேட்டிவ் அப்டேட்டில் அது தானாக ஏறாது, கையால் ஏற்றணும்.

இன்றைக்கு இதை யாருக்கும் சிபாரிசு செய்கிற மூடில் நான் இல்லை. நண்பர் கேட்டதற்காகச் சொல்கிறேன்: என்ட்ரி ஸ்கிரீன்களுக்குத் தாராளமாகப் போடுங்கள். மாதக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட்டை மட்டும் நேரே எஸ்கியூஎல்லிலேயே எழுதிவிடுங்கள்.